எட்டுப் பார் காற்றும் நூறு பார் தண்ணீரும்

கட்டுகஸ்தோட்டையில் வானைக் கழுவக் கொடுத்தால் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். மாத்தளைப் பக்கமும் குருநாகல் பக்கமும் போகிற வண்டிகள் கூடும் இடம்; சேவிஸ் ஸ்டேஷனில் எப்போதும் வரிசைதான். அப்படி நின்ற ஒரு சனிக்கிழமை காலையில் கண்ட காட்சி இது. ஒரு பக்கம் இளைஞன் ஒருவன் பிரஷர் வோஷரின் துப்பாக்கியைப் பிடித்து பஸ்ஸின் அடியில் ஒட்டிய சேற்றைக் கழற்றுகிறான். பம்பின் கேஜில் முள் நூறு பாரைத் தொட்டு நடுங்குகிறது. தண்ணீர் சீறுகிற சத்தத்துக்கே சனம் நாலடி தள்ளி நிற்கிறது. பத்தடிக்கு அப்பால் ஒரு டயர் கடை. அங்கே சிவப்புப் பெயின்ட் அடித்த காற்றுத் தொட்டி. அதன் கேஜில் முள் எட்டில். அந்தத் தொட்டியில் ஒருவர் முதுகைச் சாய்த்து பிளேன்டி குடிக்கிறார். கிளாஸை வைக்கவும் தொட்டிதான் மேசை.

நூறுக்கு ஒதுங்கியவர்கள் எட்டில் சாய்ந்திருக்கிறார்கள். கேஜில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் சாய்வதற்கு இடம் தேடினால் நான் பம்பின் பக்கம்தான் போவேன்.

முதலில் இந்தப் 'பார்' என்ன என்று பார்த்துவிடுவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்று கடல் மட்டத்தில் நம்மீது வைக்கும் பாரம் ஏறக்குறைய ஒரு பார். தண்ணீரில் சொன்னால் பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு பார். டயர் கடையில் கேட்கும் 'பவுண்ஸ்' கணக்கில் 14½. எட்டுப் பார் எவ்வளவு என்பதைக் காட்ட கட்டுகஸ்தோட்டையிலேயே நல்ல உதாரணம் உண்டு. இங்கிருந்து சற்றுக் கீழே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 1976 முதல் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குத் திருப்புகிறார்கள். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 80 மீற்றர் இறங்கி 40 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அந்தச் சுழலியின் வாயில் மகாவலி தள்ளுகிற தள்ளு எட்டுப் பார். பிளேன்டி கிளாஸ் வைத்திருந்த தொட்டிக்குள்ளும் அதே எட்டு.

அழுத்தம் ஒன்றுதான், அதைத் தாங்கி நிற்கும் பொருள் வேறு. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

300 லீற்றர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டுப் பாருக்குக் காற்றை அடைத்தால் உள்ளே சேர்ந்திருக்கும் சக்தி ஏறக்குறைய 315 கிலோஜூல். ஒரு தொன் எடையை 32 மீற்றர் உயரத்துக்கு, பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, தூக்கிவைக்கப் போதுமான சக்தி. அதே தொட்டியில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை முட்ட நிரப்பி, அதே எட்டுப் பாருக்கு ஏற்றினால் தண்ணீரில் சேரும் சக்தி வெறும் 44 ஜூல். ஒரு கிலோ தேங்காய் நாலரை மீற்றரிலிருந்து விழுகிற சக்தி. கேஜில் இரண்டுக்கும் ஒரே எண். உள்ளே காத்திருப்பதில் ஏழாயிரம் மடங்கு வித்தியாசம்.

காரணம் சிக்கலானதல்ல. தண்ணீரை எவ்வளவு அமுக்கினாலும் அது சுருங்க மாட்டேன் என்கிறது. சுருங்காத பொருளால் விரியவும் முடியாது. தொட்டி கீறினால் ஒரு சொட்டு வெளியே வந்ததுமே அழுத்தம் விழுந்துவிடும். காற்று அப்படியல்ல. அமுக்கிய ஒவ்வொரு அங்குலத்தையும் சுருள்வில் போலச் சேர்த்து வைத்திருக்கிறது. கீறல் விழுந்தால் ஒன்பது மடங்காக விரிந்தாக வேண்டும், அதுவும் அந்த நொடியிலேயே. கீறலைப் பிளவாக்குவதும், பிளவைக் கிழிசலாக்குவதும், தகட்டைக் கூரைக்கு மேல் எறிவதும் அந்த விரிவுதான்.

புதுத் தொட்டியையும் குழாயையும் சோதிக்கும்போது தண்ணீரை நிரப்பிச் சோதிப்பது இதனால்தான். வேலை அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், கேஜ் இறங்குகிறதா, எங்காவது வியர்க்கிறதா என்று பார்ப்பார்கள். சோதனையில் தோற்றாலும் சோதித்தவர் வீட்டுக்குப் போவார். 'தண்ணீர் நிரப்ப நேரமாகும், காற்றையே அடித்துப் பார்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். அழுத்தத்தை ஏற்றும் முன் உள்ளே தங்கியிருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றுவதும் இந்தச் சோதனையில் முக்கியம். தொட்டியின் தலையில் ஒரு மூலைக் காற்று மிச்சமிருந்தாலும் அது சுருள்வில்லாகிவிடும்.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் சாது என்றது குளிர்ந்த தண்ணீரைப் பற்றி. நெல் அவிக்கும் ஆலைகளின் கொதிகலனில் எட்டுப் பாரில் இருக்கும் தண்ணீரின் வெப்பம் 175 பாகை. மூடிய கலனுக்குள் இருக்கும்வரை அது தண்ணீர்தான். கலன் பிளந்தால் ஒவ்வொரு கிலோவிலும் ஏழில் ஒரு பங்கு கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி 240 லீற்றர் இடம் கேட்கும். கொதிகலன் வெடித்தால் சுவர் மிஞ்சாதது இதனால்தான். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் புரொக்டனில் குரோவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் பழைய கொதிகலன் ஒன்று வெடித்துக் கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு போனது. 58 பேர் இறந்தார்கள். அந்த வெடிப்புக்குப் பிறகுதான் புரொக்டன் இருக்கும் மாநிலம் கொதிகலனுக்குச் சட்டம் செய்தது. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கொதிகலன் விதித்தொகுப்பைத் தந்தது. உலகில் இன்று புழங்கும் பல தொட்டிகளின் தகட்டுத் தடிப்பு அந்த விதித்தொகுப்பின் வழிவந்த கணக்குத்தான்.

இனி டயர் கடைத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அது உருளை, இரண்டு முனைகளும் கவிழ்த்த சட்டி போலக் குவிந்தவை. தட்டையான மூடி போட்டால் அழுத்தம் அதை வளைத்து, விளிம்பில் உள்ள வெல்டிங்கைக் கிழிக்கும். குவிந்த மூடி அழுத்தத்தைத் தன் உடல் முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும். உருளையில் சுற்றுவாட்டில் விழும் இழுப்பு நீளவாட்டு இழுப்பைப்போல் இரண்டு மடங்கு. எண்ணெயில் பொரியும் சொசேஜ் எப்போதும் நீளவாட்டில்தான் பிளக்கும், கவனித்திருப்பீர்கள். அதனால் தொட்டியில் நீளவாட்டில் ஓடும் வெல்டிங் கோட்டுக்குத்தான் வேலை அதிகம். அந்தக் கோட்டின் மேலேயே தாங்கி ஒன்றை ஒட்டவைத்திருந்த தொட்டியையும் நான் கண்டதுண்டு.

அரை மீற்றர் விட்டமும் நாலு மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தொட்டியில் எட்டுப் பாருக்குத் தகடு தாங்கும் இழுப்பு 50 மெகாபாஸ்கல். சாதாரண இரும்பு 250 வரை நிரந்தரமாக இழுபடாது. ஐந்து மடங்கு இடைவெளி, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் கண்டிக் காற்றில் ஈரம் உண்டு. ஒரு கன மீற்றரில் 18 கிராம் நீராவி இருப்பது இங்கே சாதாரணம். அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கினால் ஈரத்துக்கு இடம் போதாது. தண்ணீராகப் பிரிந்து அடியில் தேங்கும். நிமிடத்துக்கு 300 லீற்றர் காற்றை இழுக்கும் கொம்பிரஷர் ஒரு மணி நேரம் ஓடினால் கால் லீற்றருக்கு மேல். அதை வெளியேற்றத்தான் தொட்டியின் அடிவயிற்றில் ஒரு சிறு குழாயடைப்பான். நாள்தோறும் மாலையில் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். நாலு மில்லிமீற்றர் அடித்தகடு எங்காவது ஒன்றாக மெலிந்தால் 50 என்பது 200 ஆகிவிடும். வெளியே சிவப்புப் பெயின்ட் பளபளத்துக்கொண்டேயிருக்கும்.

அந்தக் கடையில் அடைப்பானைத் திறக்கச் சொன்னேன். முதலில் வந்தது பழுப்புத் தண்ணீர், பிறகு தேயிலைச் சாயம் போல ஒன்று, பிறகு துருத்தூள். தொட்டியின் தலையில் ஒரு பித்தளை வால்வும் அதில் சாவி வளையம் போல ஒரு வளையமும் இருந்தன. சேஃப்டி வால்வ். தொட்டிக்கு மூன்றாம் முறையாகப் பெயின்ட் அடித்தபோது வால்வுக்கும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். வளையம் ஒட்டிக் கிடந்தது. 'இதைக் கடைசியா எப்ப இழுத்தீங்க?' என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். 'இழுத்தா காத்து போயிரும் சேர்.'

போகட்டும் என்றுதானே வைத்திருக்கிறார்கள்! கொம்பிரஷரை எட்டில் நிறுத்துவது பிரஷர் சுவிட்ச். அது பழுதானால் மோட்டார் நிற்காது. அப்போது ஒன்பதில், அல்லது பத்துக்குள், தானே திறந்து காற்றை விடுவதுதான் இந்த வால்வின் ஒரே வேலை. ஒரு சுருள்வில் அடைப்பை அழுத்திப் பிடித்திருக்கும். உள்ளே உள்ள காற்று வில்லை வென்றால் திறக்கும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் மட்டும் வேலை செய்ய வேண்டிய சாமான் என்பதால், அது வேலை செய்யுமா என்பது அந்த நாள்தான் தெரியும். அதனால்தான் இடையிடையே வளையத்தை இழுத்துப் பார்ப்பது. சீறிக் காற்றை விட்டு, விட்டதும் திரும்ப அடைத்துக்கொண்டால் நல்ல வால்வு.

இந்த யோசனைக்கு மூன்றரை நூற்றாண்டு வயது. 1679இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மெதுவாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். அது வெடிக்காமலிருக்க, மூடியில் துளையிட்டு, துளையை அடைக்கும் கட்டையின் மேல் நெம்புகோலும் எடைக்கல்லும் வைத்தார். நம் வீட்டு பிரஷர் குக்கரில் தலையாட்டும் வெயிட் அந்தக் கல்லின் பேரன். குக்கர் மூடியில் வேறு ஓர் ஏற்பாடும் இருக்கிறது: வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிடும் ஈயப் பொட்டு. 1880இல் திறந்த மாத்தளைப் பாதையில் கட்டுகஸ்தோட்டை ரயில் பாலத்தைக் கடந்த நீராவி எஞ்சின்களின் நெருப்புப்பெட்டிக் கூரையிலும் அதே வகைப் பொட்டு இருந்தது. தண்ணீர் இறங்கிக் கூரை காய்ந்தால் பொட்டு உருகும். நீராவி நெருப்பின் மேல் பாயும். சமையலறையிலும் எஞ்சினிலும் ஒரே நியதி: முதல் காவல் தூங்கினால் இரண்டாவது காவல்.

வால்வுக்கும் தொட்டிக்கும் இடையில் எந்த அடைப்பானும் வைக்கக் கூடாது. கசிகிறது என்று வில்லை இறுக்கக் கூடாது. பம்பு தள்ளுகிற அளவு முழுவதையும் வெளியே விடும் பருமனில் வால்வு இருக்க வேண்டும். 300 லீற்றர் தள்ளும் கொம்பிரஷருக்கு 100 லீற்றர் விடும் வால்வைப் போட்டால் அது திறந்திருந்தும் அழுத்தம் ஏறிக்கொண்டேயிருக்கும். பலர் பார்க்காமல் விடுவது இந்த மூன்றாவதைத்தான்.

இனி அந்த நூறு பார் பம்பு. அதில் மூன்று உந்துதண்டுகள் மாறி மாறி வேலை செய்யும். ஒன்று இழுக்கும்போது ஒன்று தள்ளும், அதனால் ஓட்டம் துடிக்காமல் வரும். துப்பாக்கியின் விசையை விட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை. அப்போது அதைத் திரும்பப் பம்பின் வாய்க்கே அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. குழாயில் உள்ள தண்ணீர் ஒரு லீற்றர் என்று வைத்தால் நூறு பாரில் அதில் சேர்ந்திருப்பது 23 ஜூல். குழாய் வெடித்தால் நனைவீர்கள், குழாயின் முனை சவுக்குப்போல் ஒரு அடி அடிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் நுனி வேறு கதை. கழுவுகிற பையன் சேற்றை நகத்தால் சுரண்டிவிட்டு, விளையாட்டாக உள்ளங்கையை நுனியின் முன் கொண்டுபோனான். அங்கே எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. ஏழு பார் அளவிலேயே ஊசிபோன்ற ஓட்டம் தோலைத் துளைத்துவிடும். டீசல் நொசில் சோதிக்கும் கராஜ்களில் 200 பார் சாதாரணம். புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் 2000 வரை போகும். பெக்கோ மெஷினின் ஹைட்ரோலிக் குழாயில் எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீற்று தோலுக்குள் எண்ணெயை ஏற்றிவிடும். வெளியே ஓர் ஊசித் துளை, ஒரு சொட்டு இரத்தம், வலியும் அதிகமில்லை. உள்ளே எண்ணெய் நரம்போடும் வழியெல்லாம் விரல் நெடுக ஓடியிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி வெளுக்கும். சத்திரசிகிச்சை தாமதித்தால் விரல் போகும். கசிவைத் தேட ஒரு காட்போட் துண்டு போதும். யாருக்காவது ஏறிவிட்டால் பிளாஸ்டர் ஒட்டி அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் 'ஊசி குத்தியது' என்று சொல்லாமல், என்ன திரவம், எத்தனை பார் என்று சொல்ல வேண்டும். சின்னத் துளையைக் கண்டு மருத்துவரும் ஏமாறக்கூடிய காயம் இது.

காற்றின் சுருள்வில் குணம் எப்போதும் எதிரியில்லை. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீர் கண்டியின் மேட்டுநிலத் தாங்கிகளுக்குப் பம்பினால்தான் ஏற வேண்டும். பத்து மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு பார் என்ற கணக்கு இங்கேயும் அதுவே. குழாய் நெடுக நொடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் தொன் கணக்கான தண்ணீர் மேலே போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று கரண்ட் போகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகலில், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதாக அமைச்சர் சொன்னாரே, அன்று நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த மின்பம்புகள் அப்படித்தான் நின்றன. பம்பு நின்றாலும் தண்ணீர் உடனே நிற்காது. போன வேகத்தில் போய், திரும்பி வந்து, மூடிய வால்வில் மோதும். அந்த மோதல் அலையாகக் குழாயில் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஓடும். நொடிக்கு ஒரு மீற்றர் வேகம் சட்டென்று அறுந்தால் பத்துப் பார் கூடுதலாக ஏறும் என்பதை மொஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து 1898இல் சொன்னவர் ஷுக்கோவ்ஸ்கி. வீட்டில் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் 'டக்' என்று கேட்பதும் அதே அலையின் குட்டிதான்.

அந்த மோதலைத் தாங்கிக்கொள்ள பம்பு நிலையங்களில் குழாயோடு ஒரு பெரிய உருளையை இணைத்து, பாதிக்குக் காற்றை அடைத்து வைப்பார்கள். அலை வந்தால் காற்று சுருங்கி வாங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாகத் திருப்பிக்கொடுக்கும். டயர் கடையில் முதுகுக்குப் பின்னால் நின்ற அதே சுருள்வில், இங்கே குழாயின் காவலாளி. அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து குறையும். குறைந்ததை நிரப்ப மறந்தால் உருளை வெறும் தண்ணீர்த் தாங்கிதான்.

கலனும் பம்பும் பெரிய உருப்படிகள். அவற்றுக்குக் கணக்குப் போட்டு முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் வினை. அரை அங்குலப் பொருத்தியில் பிரித்தானியத் திரெட்டிலும் அமெரிக்கத் திரெட்டிலும் அங்குலத்துக்கு 14 புரிதான். ஆனால் ஒன்றின் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60. ஒன்றை மற்றதில் ஏற்றினால் சில சுற்று நன்றாகவே ஏறும். திரெட் சீல் சுற்றினால் கசியவும் கசியாது. நாள்பட ஆடி ஆடிக் கழன்று வரும். நம் ஊரில் பிரித்தானியத் திரெட் வழக்கம்; வெளியே இருந்து வரும் இயந்திரங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. வீட்டுத் தண்ணீருக்கு வாங்கிய பீ.வீ.சீ. குழாயைக் காற்றுக்கு இழுத்திருக்கும் கராஜ்களும் உண்டு. உடையும்போது அது கிழியாது, கண்ணாடிபோல் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

பொருத்துகளில்தான் வினை என்பதை இந்த நாடு முழுக்கச் சில வாரங்களிலேயே கற்றுக்கொண்டது 2021 நவம்பர், டிசம்பரில். சமையல் கேஸ் வெடிப்புச் செய்தி இல்லாத நாளில்லை. சிலிண்டரைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தவர்கள் முற்றத்துக்கு மாற்றினார்கள். ஜனாதிபதி நியமித்த குழு கண்ட முக்கிய காரணம், கலவையில் புரொப்பேனின் பங்கு கூடியது. 30 பாகை வெயிலில் பியூட்டேன் மட்டும் இரண்டு பாருக்குள் நிற்கும். புரொப்பேன் பத்தைத் தொடும். ஐந்தில் ஒரு பங்கு புரொப்பேனாக இருந்தால் சிலிண்டருக்குள் ஏறக்குறைய மூன்றரைப் பார். பாதிக்குப் பாதியாக்கினால் ஆறை நெருங்கும். சிலிண்டர் அதைப்போல் பல மடங்கு தாங்கும். ஆனால் தேய்ந்த ரெகுலேட்டர் மூன்றரைக்குப் பழகியது; அதன் பின்னால் வெடிப்பு விழுந்த ரப்பர்க் குழாயும் இளகிய கிளிப்பும். வீடுகளில் பெரும்பாலும் வெடித்தது சிலிண்டர் அல்ல, கசிந்து அறைக்குள் சேர்ந்த கேஸ்.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலனுக்கும் காற்றுத் தொட்டிக்கும் சேஃப்டி வால்வ், சரியான கேஜ், கண்ணுக்குத் தெரியும்படி எழுதிய வேலை அழுத்தம், தண்ணீர் வடிக்கும் வழி, காலந்தோறும் அதிகாரம் பெற்ற ஒருவரின் பரிசோதனை எல்லாம் வேண்டும் என்கிறது. தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் பெரிய ஆலைகளுக்குப் போகிறார்கள். பாலத்தடி டயர் கடை வரை அந்தக் கை நீள்வதை நான் இதுவரை காணவில்லை.

அடுத்த முறை டயருக்குக் காற்றடிக்கப் போகும்போது தொட்டியின் தலையில் உள்ள வளையத்தைப் பாருங்கள். பெயின்ட் ஒட்டியிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். புது வால்வு ஒன்றுக்கு ஒரு டயரின் விலைகூட ஆகாது.